'வரை' வேறு, 'க்குள்' வேறு

ஜெர்மானியரின் ஆங்கிலத்தைக் கேலி செய்யும் ஒரு கட்டுரையில், அவர்களின் பிழைகளுக்குக் கவனக்குறைவே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது அநியாயம். ஜெர்மனியில் என்னுடன் பணியாற்றிய ஒருவர், அறிக்கையை 'அன்டில் ஃப்ரைடே' அனுப்பும்படி ஒருமுறை மின்னஞ்சல் எழுதினார். மிகக் கவனமான மனிதர், எழுத்துப்பிழை ஒன்றுகூட இராது. ஆனால் ஆங்கிலத்தின் 'அன்டில்' (வரை), 'பை' (க்குள்) இரண்டுக்கும் ஜெர்மன் மொழியில் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். வெள்ளிக்கிழமைக்குள் என்று அவர் நினைத்தது, வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்றாகிவிட்டது. 'வரை', 'க்குள்' என்று பிரித்தே பேசும் நமக்கு இது சட்டென உறைக்கும்.

'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதற்குப் பதில் வரும் 'ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதையோ நம்மவர்களும் சொல்வார்கள். 'மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்! ஜெர்மனும் அப்படியே. தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழை அது.

கட்டுரை கேலி செய்யும் 'ஐ பிகம் எ ஸ்டேக்' (நான் இறைச்சித் துண்டாக மாறுகிறேன்) என்ற வாக்கியமும் இவ்வகைதான். 'பெகோமன்' என்றால் ஜெர்மனில் பெறுவது; ஆங்கிலத்தின் 'பிகம்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்து பொருள் மாறிப்போனது. கேலிக்குப் பதில் இந்த விளக்கத்தைக் கொடுத்திருக்கலாம்.