கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்காதீர்கள்!

ஒரு மனிதனால் மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா? முப்பது நிமிடம் கேட்கவில்லை. மூன்றே மூன்று.

நேற்றுப் பௌர்ணமி. மட்டக்களப்பில் கோயில் கச்சேரி முடிந்ததும் வயலினை அறையில் பூட்டிவிட்டு, புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலம்வரை நடந்தே போனேன். இலங்கையில் பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை, கடைகள் அடைத்துக் கிடந்தன. தெருநாய்கள்கூட என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அந்த இரவில் உருப்படியாக அமைந்தது அந்த நடை மட்டும்தான்.

1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் அடியில், வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த கதை. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம்போல இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். கொடுத்துவைத்த மனிதர். கச்சேரி ஏற்பாட்டாளரின் மைத்துனர் அவரோடு தோணியில் ஏறவில்லை.

என்னோடு ஏறினார். பாலத்தடியில் எனக்காகவே காத்திருந்தார். "உங்களைத் தனியாக விடுவோமா ஐயா?" விட்டிருக்கலாம் தம்பி.

தோணிக்காரர் தூண் ஓரமாக நிறுத்தி, சவள் என்னும் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஈர மரம் காதில் சில்லென்று ஒட்டியது. முதலில் தோணியைத் தண்ணீர் தட்டும் ஓசை. அது பழகியதும், அதற்கும் கீழே, நாலு வீடு தள்ளி யாரோ தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டுவதுபோல ஓர் இழை...

"கேட்கிறதா ஐயா?"

அறுந்தது. தலையை ஆட்டினேன். மறுபடி காதை வைத்தேன். தண்ணீர். தூண். பஞ்சமமா, சட்ஜமமா என்று பிடிபடப்போகும் நேரம்...

"இப்போது கேட்கிறதா?"

நீங்கள் கேட்பது கேட்கிறது ஐயா! அது மட்டும்தான் கேட்கிறது!

மூன்றாம் முறை அவராகவே தோணிக்காரரைப் பார்த்து, "சத்தம் போடாதே, ஐயா கேட்கிறார்" என்று அதட்டினார். அந்தப் பாவம் மூச்சு விட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. பிறகு விரிவுரை. பாடுவது மீன் அல்லவாம், ஊரி என்னும் நத்தையாம். சித்திரைக்குப் பிறகு வந்தால் நன்றாகக் கேட்குமாம், மாரியில் கேட்காதாம். இத்தனை தெரிந்த மனிதருக்கு, பேசினால் கேட்காது என்பது மட்டும் தெரியவில்லை. யாழைத் தேடியே ஆயுளைக் கழித்த விபுலானந்த அடிகளின் சமாதி இதே கல்லடியில்தான் இருக்கிறது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லார் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறாரே. கைப்பேசியை எடுத்தார். கனடாவில் இருக்கும் அத்தானுக்கு வீடியோ அழைப்பு. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில். "அத்தான், மீன் பாடுகிறது, கேளுங்கள்!" என்று கைப்பேசியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார். அங்கே பட்டப்பகல், சமையல் நேரம். நடுநிசியில், நிலவொளியில், மட்டக்களப்பு வாவியின் மேல் டொரொண்டோவின் குக்கர் மூன்று விசில் அடித்தது.

"கேட்கிறது, கேட்கிறது!" என்றார் அத்தான்.

தோணிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சவளைப் பார்த்தேன். அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் யோசித்திருக்க வேண்டும், சிரித்துவிட்டோம். அந்த விசில் சுருதி சுத்தமாகவே இருந்தது என்பதையும் தொழில் தர்மத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் சன்மான உறையைப் பிரித்தேன். தோணிக் கூலியைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு.