இரண்டிலும் கையெழுத்துப் போடலாமா?

"வேலையில் சேரும் நாள் வரை எதுவும் கட்டுப்படுத்தாது, இரண்டு இன்டர்ன்ஷிப்பிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் ஒன்றைக் கைவிடலாம்" என்று மேலே தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் அது சரியில்லை. ஆஃபரை ஏற்றதுமே ஒப்பந்தம் உருவாகிவிடும். ஒப்பந்தம் போட்டு இன்னும் சேராதவரும் சட்டப்படி ஊழியரே என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாணவர் மேல் வழக்குப் போடுவது அபூர்வம்தான். ஆனால் பர்சரியும் (நிறுவனமே உங்கள் படிப்புச் செலவைக் கட்டும் உதவித்தொகை) சேர்ந்து வந்தால் வில்லங்கம்: விலகினால் கட்டிய கல்விக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஆஃபர் கையில் இருந்து, பிடித்த நிறுவனத்தின் முடிவு இன்னும் வரவில்லை என்றால், பதில் சொல்லும் கெடு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே ஆஃபர் தந்த நிறுவனத்துக்கு மெயில் போடுங்கள். "கொஞ்சம் அவகாசம்" என்று மொட்டையாகக் கேட்காமல் தேதி சொல்லுங்கள்: "வாய்ப்புக்கு நன்றி. இன்னொரு நேர்காணலின் முடிவு வரவேண்டியிருக்கிறது. வரும் வெள்ளிக்குள் உறுதியாகச் சொல்லலாமா?" உங்களுக்குப் பிடித்த நிறுவனத்துக்கும் அன்றே இந்தக் கெடுவைச் சொல்லி முடிவு கேளுங்கள். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள், கடிதத்தைக் காட்டு என்பார்கள். டர்பனில் எச்.ஆர். ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் வேறு.

டிசம்பர் விடுமுறைப் பயிற்சி என்றால் சில வாரம்தான். தேதியை நகர்த்தித் தரச் சொன்னால் இரண்டையுமே செய்யலாம், இதை யாரும் கேட்பதே இல்லை. ஏற்றபின் விலகித்தான் ஆகவேண்டுமென்றால் முதலில் போன், அன்றைக்கே எழுத்திலும்.