தூள் வறுக்கிற நேரத்தில் போன் வேண்டாம்
சிறு வியாபாரம் செய்கிறவர்கள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் என்ற மூன்று தளத்திலும் தினமும் பதிவு போட வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தனி ஆளாகக் கறித்தூளும் வேப்பம்பூ வடகமும் செய்து விற்கிற எனக்கு அது சரிவரவில்லை. செத்தல் மிளகாய் வறுக்கும்போது போனைப் பார்த்து ஒருமுறை முழுவதும் கருகிப்போனது. மனம் விட்டுப்போச்சு.

இப்போது டிக்டொக்கை விட்டுவிட்டேன். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் இருந்து, மெட்டா பிஸ்னஸ் சூட் என்ற செயலியில் பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் அந்தக் கிழமைப் பதிவுகளை நேரம் குறித்து வைக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் காலை 6.30க்கு: டொரொண்டோவில் அப்போது முதல்நாள் இரவு 9 மணி, எங்கட சனம் வேலை முடிந்து ஆறியிருக்கிற நேரம். விலை கேட்பவர்களுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸில் பட்டியல் இருக்கிறது. ஆனால் "அம்மா இடிக்கிற தூள் மாதிரி இருக்குமோ?" என்று கேட்பவருக்கு நானேதான் பதில் எழுதுவேன், பிந்தினாலும்.