உண்மை விளக்கம்: லிங்கருக்கு ‘எல்டி_லைப்ரரி_பாத்’ மருந்தல்ல

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: “‘கேனொட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்’ என்று லிங்கர் சொன்னால், எல்டி_லைப்ரரி_பாத்தில் கோப்புறையைப் போடுங்கள், சரியாகிவிடும்.” லிங்கர் என்பது புரோகிராமின் துண்டுகளையும் அது பயன்படுத்தும் லைப்ரரிகளையும் (ஆயத்த கோட் தொகுப்புகளை) ஒன்றாக இணைக்கும் கருவி; அந்தச் செய்தியின் பொருள், ‘எஸ்எஸ்எல் லைப்ரரியைக் காணவில்லை’ என்பது. ஆனால் அந்தக் குறிப்பு பிழை.

எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, கட்டி முடித்த புரோகிராம் ஓடும்போது, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடர் பார்ப்பது. லினக்ஸில் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கும் லைப்ரரிக்காக குனு லிங்கர் அதைத் திரும்பியும் பார்க்காது. (ஒரு ஷெயார்ட் லைப்ரரி, அதாவது ஓடும்போது ஏற்றப்படும் ‘.எஸ்ஓ’ கோப்பு, தன் பங்குக்கு இன்னொன்றைக் கேட்டால் மட்டும் பார்க்கும்.) ஜிசிசி கம்பைலருக்கு உரியது வெறும் ‘லைப்ரரி_பாத்’, முன்னால் ‘எல்டி’ கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

லிங்கர் முதலில் கட்டளையில் பெரிய எல் (-L) கொடியில் நீங்கள் கொடுத்த இடங்களையும், பிறகு தனக்குள்ளே பதிந்த இடங்களையும் தேடும். டெர்மினலில் ‘எல்டி --வெர்போஸ்’ அடித்து (‘எல்டி’ லிங்கரின் கட்டளைப் பெயர்), ‘சேர்ச்_டிர்’ என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். பதிந்த இடங்கள் வரிசையாக இருக்கும்.

உபுண்டுவில் பெரும்பாலும் பாதையில் கோளாறே இருக்காது. ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ கோப்புறையில் கிடக்கும். லிங்கர் தேடுவதோ எண் இல்லாத ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ’, அல்லது ‘.ஏ’ கோப்பு. எண் இல்லாத அந்த இணைப்பு ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ பொதியில்தான் வரும். ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ போதும்.

லிங்க் சரியாகி, ஓட்டும்போது மட்டும் லைப்ரரி இல்லை என்றால் அது வேறு சங்கதி. ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’பில் நீங்களே நிறுவியதாக இருந்தால், ‘சூடோ எல்டிகொன்ஃபிக்’ ஒருமுறை ஓட்டுங்கள்.