குஞ்சு விடும்போது 10, பிடிக்கும்போது 50

நேத்து ராத்திரி எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி எழுதியிருந்தாரு, நம்ம இறாலுக்கு அமெரிக்கா வரி போட்டா நமக்கென்ன, அது ஏற்றுமதி பண்ற பெரிய முதலாளிங்க பிரச்சினைன்னு. பதில் டைப் பண்ண உக்காந்தேன், நீளமா போயிடுச்சு, அதான் இங்கயே போட்டுடுறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இது மாயவரம், சீர்காழி, நாகை, வேதாரண்யம்னு நம்ம கடலோரம் பூரா இருக்கற குடும்பங்களோட விஷயம்.

நான் மாயவரத்துல கணக்கு எழுதுறவன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், வருமான வரி, இதான் 18 வருஷமா என் பொழப்பு. என் மச்சினன் பழையாறு பக்கம் ரெண்டு குளம் குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் வளர்க்குறான். 2025 செப்டம்பர் கடைசியில பிடிப்பு, அதுக்கு முந்தின நாள் ராத்திரி நான் அங்கதான் இருந்தேன். தண்ணியில காத்து கலக்குற ஏரேட்டர் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. தீவனம் தின்னுதான்னு பார்க்கற செக் ட்ரேயை கயித்தோட மேல தூக்கி டார்ச் அடிச்சான், போட்ட தீவனம் ஒரு பொட்டு மிச்சமில்ல, ஒவ்வொரு இறால் முதுகுலயும் குடல் நிறைஞ்சு ஒரு கருப்பு கோடு ஓடுது. "பாருங்க அத்தான், நல்லா சாப்பிடுது, நோய் நொடி ஒண்ணும் இல்ல"ன்னான். வீச்சு வலை போட்டு எடுத்ததை தராசுல வெச்சு எண்ணினோம், கிலோவுக்கு 38 இறால். அந்த கவுண்ட் வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, நூறு நாள் ராத்தூக்கம் போனாதான் வரும்.

காலையில ஏஜென்ட் ஐஸ் வண்டியோட வந்தாரு. ஏற்கனவே பேசியிருந்த ரேட்ல கிலோவுக்கு 50 ரூபா குறைச்சு சொல்றாரு. "பெரிய சைஸ் இறாலை கம்பெனியில எடுக்கவே யோசிக்கிறாங்க தம்பி, அதெல்லாம் அமெரிக்கா போற சரக்கு, நான் என்ன பண்ணட்டும்"ங்கறாரு. அவரை திட்டவும் மனசு வரல, அவருக்கும் அதே நெலமைதான். சரி, ரேட் ஏறட்டும்னு இறாலை குளத்துலயே விட்டு வெச்சா என்ன ஆகும்? கரண்ட், டீசல், தீவனம், ஒவ்வொரு நாளும் செலவு, நடுவுல வெள்ளைப்புள்ளி நோய் வந்துச்சுன்னா ஒரே வாரத்துல குளம் காலி. நெல்லு மாதிரி கோணி போட்டு மூடி வெச்சுட்டு காத்திருக்க முடியாது. குடுத்துட்டான். தீவனக் கடை பாக்கியை கட்டிட்டு குத்தகையையும் கழிச்சுப் பார்த்தா நூறு நாள் உழைப்புக்கு கையில ஒண்ணும் நிக்கல.

இதுல நான் சொல்ல வர்றது தேதி கணக்கு. அவன் குஞ்சு விட்டது ஜூன் கடைசியில. அன்னைக்கு அமெரிக்கா நம்ம சரக்குக்கு புதுசா போட்டிருந்த வரி 10 சதவீதம். குளத்துல இறால் வளர்ந்துகிட்டு இருக்கும்போதே ஆகஸ்ட் 7ல அது 25 ஆச்சு, ஆகஸ்ட் 27ல ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு காரணம் சொல்லி இன்னொரு 25 சேர்த்து 50 ஆச்சு. ரொம்ப மலிவா விக்கிறோம்னு போடுற ஆன்டி டம்பிங் வரி, நம்ம அரசு மானியத்துக்கு ஈடா போடுற ஈடு வரின்னு முன்னாடியே இருந்ததை எல்லாம் கூட்டினா 58 சதவீதத்துக்கு மேல போச்சு. அதே கடையில அதே இறாலை விக்கிற ஈக்வடாருக்கு அப்ப 15. குஞ்சு விடும்போது 10, பிடிக்கும்போது 50, எந்த விவசாயி இந்த கணக்கை முன்கூட்டியே போட முடியும்? எண்ணெய் வாங்கினது பழையாறு குளத்துக்காரனா?

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். இந்த வனாமிக்கு தாய் இறாலே அமெரிக்காவுல இருந்துதான் பெருமளவு வருது, ஹவாயிலயும் ஃப்ளோரிடாவுலயும் வளர்த்து பிளேன்ல அனுப்புறாங்க, சென்னை நீலாங்கரையில தனிமைப்படுத்தி சோதனை பண்ணிதான் குஞ்சு பொரிக்கற ஹேச்சரிக்கு குடுப்பாங்க. அந்த சோதனை மையத்தை நடத்துறது நம்ம சீர்காழி பூம்புகார் ரோட்டுல தலைமையகம் வெச்சிருக்கற ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம்தான். தாயை அவங்ககிட்ட காசு குடுத்து வாங்கி, பிள்ளையை வளர்த்து அவங்களுக்கே விக்கிறோம், அந்த பிள்ளைக்குதான் 50 சதவீதம் போட்டாங்க.

இப்ப நான் உண்மையில எழுத வந்த விஷயம். வரி சண்டைன்னா எல்லாரும் கப்பல்ல போற சரக்கை மட்டும்தான் பேசுறாங்க. திரும்பி நம்மகிட்ட இருந்து போற காசை யாரும் பேசுறதில்ல.

நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு செய்ற ஒருத்தர் என்கிட்ட கணக்கு குடுக்குறாரு. அவரோட கார்டு ஸ்டேட்மென்ட்டை மாசா மாசம் நான்தான் பதிவு பண்றேன். முன்னாடி விளம்பரச் செலவுன்னா பிரஸ்ல அடிச்ச நோட்டீஸ், லோக்கல் கேபிள், ஆடி மாசம் பேப்பர்ல ஒரு சின்ன கட்டம், அவ்வளவுதான். இப்ப எல்லாமே ஆன்லைன் விளம்பரம், கார்டுல ஐநூறு ஐநூறா வரிசையா பிடிச்சிருக்கு, மாசம் முடிஞ்சா பன்னெண்டாயிரம், பதிமூணாயிரம். அவருக்கு அதனால ஆர்டர் வருது, மதுரையில இருந்தும் மலேசியாவுல இருந்தும் கேக்குறாங்க, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். என் கேள்வி அடுத்த கட்டம். அந்த நோட்டீஸ் அடிச்ச பிரஸ்காரர் லாபத்துக்கு இங்க வரி கட்டினாரு, கேபிள்காரர் கட்டினாரு, பேப்பர்காரன் கட்டினான். இப்ப அந்த லாபம் எந்த ஊர்ல நிக்குது? யாரு அதுக்கு வரி வாங்குறா?

உடனே 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கேம்பீங்க. இருக்கு, ஆனா அது வாங்குறவன் தலையில விழுற வரி, விளக்குக்காரர் கட்டுறது. நான் சொல்றது லாபத்துக்கான வரி. உலகம் பூரா பழைய விதி என்னன்னா, ஒரு கம்பெனிக்கு இங்க ஆபீஸோ ஃபேக்டரியோ நிலையா ஒரு இடம் இருந்தாதான் அதோட லாபத்துல இந்த நாடு வரி கேக்கலாம். அது கட்டடமும் மெஷினும் தொழிலா இருந்த காலத்து விதி. 2018ல நம்ம சட்டத்துல அதை மாத்தப் பார்த்தாங்க, 2021ல அளவும் வெச்சாங்க, இங்க 3 லட்சம் பேர் பயன்படுத்தினாலே, இல்ல 2 கோடி ரூபா வியாபாரம் நடந்தாலே இங்க இருக்கறதாதான் அர்த்தம்னு. ஆனா அந்தந்த நாட்டோட போட்டு வெச்சிருக்கற வரி ஒப்பந்தம் அதுக்கு மேல நிக்கிறதால அமெரிக்க கம்பெனிகிட்ட அது செல்லுபடியாகல.

அதுக்கு முன்னாடியே 2016ல கொண்டு வந்ததுதான் சமன்படுத்தும் வரி, கூகுள் வரின்னு சொல்வாங்களே அதான். வெளிநாட்டு கம்பெனிக்கு ஆன்லைன் விளம்பரத்துக்கு குடுக்குற காசுல 6 சதவீதத்தை இங்கயே பிடிச்சு அரசுக்கு கட்டிடணும். ஜூன் 30க்குள்ள அதுக்குன்னு தனி படிவம் போடணும், எனக்கும் ஒரு கிளையன்ட்டுக்கு அந்த வேலை இருந்துச்சு. 2020ல ஆன்லைன் விற்பனை, சேவை எல்லாத்துக்கும் சேர்த்து 2 சதவீதம்னு விரிவாக்கினாங்க. அமெரிக்கா உடனே எங்க கம்பெனியை மட்டும் குறிவைக்கிறீங்கன்னு அவங்க வர்த்தகச் சட்டத்தோட 301ஆம் பிரிவுல விசாரணை ஆரம்பிச்சுது. இந்திய கம்பெனிக்கு இந்த வரி இல்லையேன்னு அவங்க கேட்டாங்க, இந்திய கம்பெனிதான் ஏற்கனவே வருமான வரி கட்டுதே! இது கூடவா புரியாது அவங்களுக்கு?

இதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். 2021 ஜூன்ல, இந்த வரியை எடுக்கலன்னா இந்த இந்த சரக்குக்கு 25 சதவீதம் போடுவோம்னு அமெரிக்கா ஒரு பட்டியல் போட்டு உடனே நிறுத்தி வெச்சுது. அந்த பட்டியல்ல பாஸ்மதி அரிசி இருந்துச்சு, தங்க நகை இருந்துச்சு, இறாலும் இருந்துச்சு. விளம்பரக் கம்பெனி மேல கை வெச்சா இறால்காரன் கழுத்தை பிடிப்போம்னு 2021லயே எழுத்துல போட்டு வெச்சாங்க. அதனால குரூப்ல எழுதின தம்பிக்கு சொல்றேன், ரெண்டும் வேற வேற பிரச்சினை இல்லப்பா.

அப்புறம் நாம என்ன பண்ணோம்? 2024 ஆகஸ்ட் 1ல இருந்து அந்த 2 சதவீதத்தை விட்டோம். 2025 ஏப்ரல் 1ல இருந்து 6 சதவீதத்தையும் விட்டோம். சுமுகமா போகலாம்னு ஒரு நல்லெண்ணம். மறுநாள், ஏப்ரல் 2, வெள்ளை மாளிகை தோட்டத்துல நின்னு இந்தியாவுக்கு 26 சதவீதம்னு அட்டையை தூக்கிக் காட்டினாரு ட்ரம்ப். ஒரே நாள் இடைவெளி. பேரம்னா ஒரு கை குடுக்கும்போது இன்னொரு கை வாங்கணும், மாயவரம் காய்கறி மார்க்கெட்டுல கீரை விக்கிற ஆயாவுக்கு தெரியும் அது. பேச்சுவார்த்தை மேசைக்கு போறதுக்கு முன்னாடியே கையில இருந்ததை கீழ வெச்சுட்டு போயிட்டோம்.

நம்ம மட்டும் இல்ல, கனடாவும் இதையே பண்ணுச்சு. 3 சதவீதம் டிஜிட்டல் வரி போட்டு, 2025 ஜூன் 30 முதல் தவணை வரவேண்டியது, ட்ரம்ப் பேச்சுவார்த்தையை முறிச்சுக்கறேன்னதும் ஜூன் 29 ராத்திரி வாபஸ் வாங்கிட்டாங்க. ஆகஸ்ட் 1ல அவங்களுக்கு கிடைச்சது என்ன, 25ஆ இருந்த வரி 35 ஆச்சு. அந்தப் பக்கம் பிரிட்டன் 2020ல இருந்து 2 சதவீதம் வாங்கிகிட்டே இருக்கு, 2025 மே மாசம் அமெரிக்காவோட ஒப்பந்தம் போடும்போதும் அதை விடல, அவங்களுக்கு பொதுவா 10 சதவீதம்தான் போட்டாங்க. விட்டவனுக்கு 35, விடாதவனுக்கு 10! காரணம் நூறு இருக்கலாம், பிரிட்டன் கதை வேறன்னு சொல்லலாம், ஆனா விட்டுக் குடுத்தா குறையும்ங்கறதுக்கு எங்கயாவது ஒரு உதாரணம் காட்டுங்க பார்ப்போம்.

பூம்புகார் பக்கத்துல பொறந்தவனுக்கு சுங்கம்னா என்னன்னு சொல்லித் தரவேண்டியதில்ல. மூட்டையா வந்து இறங்குன சரக்கு மேல சோழன் புலி முத்திரை குத்தி உல்கு, அதாவது சுங்கம், வாங்கினதை பட்டினப்பாலை சொல்லுது. ரெண்டாயிரம் வருஷமா கரையில வந்து இறங்கறதுக்குதான் வரி. இறால் பெட்டி எடை இருக்கற பொருள், துறைமுகத்துல நிறுத்தலாம், திறந்து பார்க்கலாம், 50 சதவீதம் போடலாம். விளம்பரமும் சினிமாவும் சாஃப்ட்வேரும் கேபிள் வழியா வந்து போன்ல இறங்குது, முத்திரை குத்த இடமே இல்ல. அதுக்கு சுங்கவரி போடக்கூடாதுன்னு 1998ல உலக வர்த்தக அமைப்புல எல்லா நாடும் ஒத்துக்கிட்டு, தற்காலிகம்னு சொல்லியே நீட்டிச்சுகிட்டே வந்தாங்க, 2024ல அபுதாபியிலயும் நீட்டிச்சாங்க. அவங்க விக்கிறதுக்கு சுங்கம் போடக்கூடாது, லாப வரியும் கேக்கக்கூடாது, நாம விக்கிறதுக்கு மட்டும் ராத்திரியோட ராத்திரி 50 போட்டாங்க. இன்னொரு வித்தியாசத்தையும் பாருங்க, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்ற ஐபோனுக்கு இந்த வரியில விலக்கு இருந்துச்சு. திருப்பூர் பனியனுக்கு இல்ல, நம்ம இறாலுக்கு இல்ல. யாரு பொருளுக்கு எங்க வலிக்கும்னு பார்த்துதான் போட்டிருக்காங்க.

இந்தியா மட்டும் யோக்கியமா, நம்ம இறக்குமதி வரியும் அதிகம்தானேன்னு கேப்பீங்க. அதிகம்தான், மறுக்கல, சிலதை குறைக்கறது நமக்கே நல்லது. 2024 பட்ஜெட்ல தாய் இறாலுக்கும் தீவனத்துக்கும் சுங்கத்தை 5 சதவீதம் ஆக்கினப்ப என் மச்சினன்தான் முதல்ல போன் பண்ணி சொன்னான். அந்த 6 சதவீதத்தை கடைசியில விளம்பரம் போடுற சின்ன வியாபாரி தலையிலதான் கட்டுவாங்கன்னு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, விளக்குக்காரர் மாதிரி ஆளுங்களுக்கு சுமை ஏறாத மாதிரி சட்டத்தை எழுதணும். சிரமமான வேலைதான், ஆனா சிரமம்னு சொல்லி மொத்தமா விட்டுடறதா?

இறால் பண்ணைக்கு வக்காலத்து வாங்குறேன்னும் யாரும் நினைக்க வேண்டாம். நம்ம மண்ணுல உப்பு ஏறினதும், குடிதண்ணி கெட்டதும், நெல்லு விளைஞ்ச வயல் குளமானதும் எனக்கு தெரியும். நாகை பக்கம் காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா போராடி, கேஸ் போட்டு, 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துது, அந்த கேஸ் அவர் பேர்லதான் இருக்கு. 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்ததும் அந்த பிரச்சினையில இருந்துதான். அந்த விவாதம் இன்னும் முடியல, முடியவும் கூடாது. ஆனா பதிவு பண்ணி, லைசென்ஸ் வாங்கி, விதிப்படி நடத்துற ஒருத்தன் வாஷிங்டன்ல யாரோ கையெழுத்து போட்டதால கடன்காரன் ஆகறது எந்த சுற்றுச்சூழலையும் காப்பாத்தாது. இறாலை உரிச்சு கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற பொம்பளைங்களுக்கும் அதே கதி, அவங்களுக்கு வேலை நாள் குறைஞ்சா அந்த வார கூலி இல்ல, அதை எந்த புள்ளிவிவரத்துலயும் தேட முடியாது.

அதனால நான் கேக்குறது இதான். பார்லிமென்ட் கூடுறப்ப மயிலாடுதுறை, நாகை, தஞ்சாவூர் எம்பிக்கள் எந்திரிச்சு நிதியமைச்சர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்: அந்த 6 சதவீதத்தை விட்டதுக்கு பதிலா நமக்கு எழுத்துல என்ன கிடைச்சது? ஒண்ணும் கிடைக்கலன்னா அந்த வரியை திருப்பி கொண்டு வாங்க, வர்ற காசுல பயிரு நடுவுல வரி மாறி அடிபட்ட குளத்துக்காரன் கடனுக்கு வட்டியையாவது ஏத்துக்குங்க. ஒப்பந்தம் பேசுறீங்களா, நல்லா பேசுங்க, ஆனா கப்பல்ல ஏற்கனவே போயிட்ட சரக்குக்கும், குளத்துல ஏற்கனவே விட்ட குஞ்சுக்கும் பழைய வரிதான்னு ஒரு வரி அதுல எழுதி வாங்குங்க. கட்சி பேதம் இல்லாம கேக்கலாம் இதை.

இப்ப மழை விடாம பெய்யுது, குளம் ரெண்டும் காலியா கிடக்கு, ஏரேட்டரை கழட்டி கொட்டகையில அடுக்கி வெச்சிருக்கான். தை பொறந்ததும் தண்ணி ஏத்தணும், அதுக்கு ஹேச்சரியில இப்பவே அட்வான்ஸ் கேக்குறாங்க. விடட்டுமா அத்தான்னு முந்தாநாள் கேட்டான். மே மாசம் பிடிக்கும்போது வரி எவ்வளவு இருக்கும்னு தெரியாம நான் அவனுக்கு என்ன சொல்ல?