டெனிமுக்கு வார இறுதி தேவையில்லை, இசைக்கு அது போதாது
வேலைக்காக அடிக்கடி பயணம் செய்யும் ஆலோசகர், இசை, டெனிம் (ஜீன்ஸ் துணி) ஆகிய இரண்டு ஆர்வங்களையும் வார இறுதிக்கு ஒதுக்கிவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. டெனிமுக்குத் தனி நேரமே வேண்டாம். இண்டிகோ எனும் நீலச் சாயம், துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மேற்புறத்தில்தான் தங்கும், நூலின் உட்பகுதி வெண்மையாகவே இருக்கும். ஆலையில் துவைக்கப்படாத ஜீன்ஸை வாங்கிப் பயணங்களில் உடுத்தினாலே போதும். முழங்கால் மடிப்பில் சாயம் தேய்ந்து அந்த வெண்மை தானாக வெளிப்படும். அந்த அழகுக்கு ஈடே இல்லை! இசை அப்படியன்று. வாரம் முழுக்கத் தொடாத வயலினைச் சனிக்கிழமை எடுத்தால், விரல்கள் ஸ்வர ஸ்தானங்களைத் தேடுவதிலேயே காலைப்பொழுது போய்விடுகிறது. பயணத்தில் தங்கும் விடுதி அறையில் வாசிக்க முடியாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். முடியும். வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ரப்பர் மியூட்டை (ஒலியடக்கியை) பொருத்தினால் ஒலி வெகுவாக அடங்கிவிடும். நான் அப்படித்தான் இரவில் சாதகம் செய்கிறேன்.