எமுலேட்டருக்கு ஹேக்சம் இனித் தேவையில்லை

காரைக்குடியில் செயலி எழுதப் பழகும் மாணவர் ஒருவருக்கு, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கணினியிலேயே கைப்பேசியைப் போல இயங்கும் மென்பொருள்) வேகமாக ஓட இன்டெலின் ஹேக்சம் என்னும் துணை மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லப்படும் அறிவுரை இன்றைய நிலைக்குப் பொருந்தாது. அதன் உருவாக்கத்தை இன்டெல் 2023இல் நிறுத்திவிட்டது. ஏஎம்டி கணினிகளுக்கோ அது என்றுமே உரியதன்று. எங்கிருந்தோ பழைய கோப்பைத் தேடி இறக்கி நிறுவுவது பாதுகாப்பானதும் அல்ல.

விண்டோஸ் கணினியில் முதலில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘விர்ச்சுவலைசேஷன்’ (கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையெனில், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் இன்டெலுக்கு விடி-எக்ஸ், ஏஎம்டிக்கு எஸ்விஎம் என்னும் அமைப்பை இயக்குங்கள். அடுத்து, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ‘விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்’ என்பதைத் தேர்ந்து கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதன்பின், செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜரில் எக்ஸ்86-64 சிஸ்டம் இமேஜுடன் (அச்சாதனத்தில் ஓடும் ஆண்ட்ராய்டு இயங்குதளக் கோப்பு) மெய்நிகர் சாதனத்தை உருவாக்குங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் கூடங்களுக்கு வழிகாட்டும் அந்த மாணவருடைய செயலி, எமுலேட்டரில் அமெரிக்காவை இருப்பிடமாகக் காட்டுவதும் நிரல் பிழையாக இருக்க வேண்டியதில்லை. எமுலேட்டரின் தொடக்க இருப்பிடம் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ என்பதால், எக்ஸ்டெண்டட் கன்ட்ரோல்ஸில் உள்ள லொகேஷன் பகுதியில் ஆத்தங்குடியை அமைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். கணினியின் நினைவகம் (ரேம்) 8 ஜிபி மட்டுமே எனில், கைப்பேசியைக் கேபிளால் கணினியுடன் இணைத்துச் சோதிக்கும் யுஎஸ்பி டீபக்கிங் வழியாகச் சொந்தக் கைப்பேசியிலேயே சோதிப்பது மேல்.